காசு கொடுத்துத் தொங்கினோம்!

"சம்பளம் குடுத்தாத்தான் நான் உசரத்துல தொங்குவேன். நீ காசு குடுத்துத் தொங்கப் போறியா?"

தாய்லாந்தின் பீ பீ தீவுக்குப் பாறை ஏறப் போகிறேன் என்றதும் அப்பா கேட்டது இதுதான். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. இருபது வருடத்துக்கும் மேலாகச் சாரத்தில் நின்று வெல்டிங். அவருடைய பாதுகாப்பு வார் எங்கள் வீட்டுத் துணிக்கம்பில் சட்டைகளோடு சட்டையாகத் தொங்கும். சின்ன வயதில் அதில் ஊஞ்சலாடி அடி வாங்கியிருக்கிறேன். அது எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

2024 மார்ச் விடுமுறையில் நாலு பேர் கிளம்பினோம். சிங்கப்பூரிலிருந்து புக்கெட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் விமானம்; பிறகு படகில் ஏறக்குறைய அதே நேரம். பீ பீ டோன் தீவின் இடுப்பு ஒடுங்கிய மணல் திட்டு. இரண்டு பக்கமும் கடல். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இரண்டு பக்கமிருந்தும் புகுந்து, அந்த இடுப்பில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனது. நாங்கள் போனபோது அங்கே கால் வைக்க இடமில்லாமல் ஹோட்டலும் மசாஜ் கடையும் மாம்பழ ஜூசும்! வால் படகுகள் என்று ஒன்று ஓடுகிறது. பழைய வண்டி எஞ்சினைப் படகின் பின்னால் உட்கார வைத்து, நீளத் தண்டின் நுனியில் புரொப்பெல்லர். ஊரே கடலைப் படம் எடுக்க, மெக்கானிக்கல் மாணவர்களான நாங்கள் எஞ்சினைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

பாறை, படகுத்துறையிலிருந்து நடக்கும் தூரம்தான். செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. மெழுகு உருகி வழிந்த மாதிரி அங்கங்கே தொங்கல்கள். வழிகாட்டி அண்ணன் உள்ளூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். எட்டு முடிச்சைப் போட வைத்தார், அவிழ்க்க வைத்தார், மறுபடியும் போட வைத்தார். காராபினர் என்கிற கொக்கியைக் கையில் கொடுத்தார். அதில் 22 கிலோநியூட்டன் என்று பொறித்திருந்தது. ஏறக்குறைய இரண்டேகால் டன் தாங்கும். கொக்கி தாங்கும் சரி. கீழே என் கயிற்றைப் பிடிக்கப் போவது யார்? லேத் மெஷின் சக்கில் சாவியை விட்டுவிட்டு ஸ்விட்சைப் போடப் போய், பட்டறை ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட என் கூட்டாளி!

முதல் பத்து மீட்டர் சுகமாகப் போனது. பாறையில் விரல் நுழைய ஓட்டைகள், கால் வைக்க விளிம்புகள். அதற்குமேல் பிடி சின்னதாகிக்கொண்டே வந்தது. வெயிலும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. உள்ளங்கையில் சுண்ணப்பொடி கஞ்சியாகிவிட்டது. இடது கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. ஆடாதே என்றால் கேட்கிறதா? முகத்துக்கு நேரே பாறையில் ஒரு பழைய போல்ட், அதில் வளையம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கொஞ்சம் பழுப்புக் கறை, மற்றபடி பளபள. அப்பாடா என்று கையை நீட்டினேன்.

"தொடாதே!"

அந்த அமைதியான அண்ணன் போட்ட சத்தத்தில் நான் பிடியை விட்டேன். வயிறு தொண்டைக்கு வந்தது. கயிறு ரப்பர் மாதிரி இழுபட்டு ஒரு மீட்டருக்குக் கீழே என்னை நிறுத்தியது. கூட்டாளி பிடித்துவிட்டான்! குனிந்து பார்த்தேன். அவன் முகம் என்னைவிட வெளுத்திருந்தது.

கீழே இறங்கியதும் அண்ணன் விளக்கினார். தென் தாய்லாந்துக் கடலோரப் பாறைகளில் முதலில் அடித்தவை பெரும்பாலும் ஸ்டீல் போல்ட்டுகள். சில ஆண்டுகளிலேயே உடைய ஆரம்பித்தன. ஆள் எடைக்கே உடைந்ததும் உண்டு. வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். அதனால் இப்போது டைட்டானியம் போல்ட்டைத் துளையில் விட்டு எப்பாக்சி பசையால் ஒட்டுகிறார்கள். என் கயிறு மேலே மாட்டியிருந்ததும் அதில்தான். பளபளப்பே இல்லாத சாம்பல் நிறம்.

எனக்குச் சுருக்கென்றது. இது பாடத்தில் வருகிற அரிப்பு விரிசல்தானே! உலோகத்தில் இழுவிசை இருக்க வேண்டும், சுற்றிலும் உப்பின் குளோரைடு இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உள்ளுக்குள் நரம்பு நரம்பாகக் கீறல் விடும். பொதுவாக 60 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் பயப்பட வேண்டும் என்று படித்ததை அப்படியே பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தப் பாறைக்குப் பரீட்சை பற்றித் தெரியாதே. உப்புக் காற்று, ஈரம், பாறைக்குள் ஊறிவரும் தாது நீர் எல்லாமாகச் சேர்ந்து சாதாரண வெயிலிலேயே காரியத்தை முடித்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "உப்புக் காத்துல எவர்சில்வரை நம்பக் கூடாதுன்னு எங்க யார்டுல நேத்து வந்த பையனுக்குக்கூடத் தெரியும்டா," என்றார். பிறகு, "விழுந்தியே, எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"ஒரு மீட்டர்ப்பா. கயிறு இழுபட்டுச்சு."

எழுந்துபோய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். உள்ளே ஒரு வார்த்துண்டு. மடித்து மடித்துத் தைத்த பட்டை. விழும்போது தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்து வேகத்தை வாங்கிக்கொள்வதற்காகச் செய்தது. இந்தப் பட்டையில் தையல் மொத்தமும் பிரிந்திருந்தது.

"எப்பப்பா?"

"2014. நீ பிரைமரி மூணு. பலகை நழுவிருச்சு. தூக்கிப் போடச் சொன்னாங்க, நான் வச்சுக்கிட்டேன்." பையைச் சுருட்டினார். "அம்மாகிட்ட சொல்லாத."

அன்று அவர் எப்போதும்போல் வீட்டுக்கு வந்து, எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு கேட்டிருப்பார். எனக்கு எதுவும் ஞாபகமில்லை.

அம்மாவிடம் நானும் இதுவரை சொல்லவில்லை. இந்த மலரை வீட்டுக்கு எடுத்துப் போவதா வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.