பழைய காருக்குப் புது மெருகு

காரின் வெளியழகைக் காண்போர் பலர். உள்ளழகை அறிபவர் அதில் ஏறியமரும் குடும்பத்தினரே. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் மலையகத்தில் நம்மவர் பலரும் இருக்கும் காரையே பேணிக் காக்கப் பழகிக்கொண்டனர். எமது காரிலும் கதவுகளின் உட்புறப் பிளாஸ்டிக் பாகங்கள் வெளிறிக் கீறல் விழுந்து கிடந்தன. வீட்டிலேயே வர்ணம் பூசுவதெனத் தீர்மானித்தோம்.

மஸ்கெலியாவில் இவ்வேலைக்கு முதலில் நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்த்தல்ல, வானத்தைப் பார்த்து. ஈரக் காற்றில் பூசும் வர்ணம் வெண்மை பூத்து மங்கிவிடக்கூடும். மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றி, 1960களின் பிற்பகுதியில் மூழ்கிய பழைய நகரின் கோயில் தலைகாட்டும் வறண்ட நாட்களே உகந்தவை.

கழற்றிய பாகமொன்றின் பின்புறத்தில் ‘பிபி’ என்னும் எழுத்துகள் இருந்தன. அது பொலிபுரொப்பிலீன் என்பதன் சுருக்கம் என்றாள், உயர்தர வகுப்பில் இரசாயனம் கற்கும் எம் மகள். இத்தகைய பல்பகுதியங்கள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகவே ஜெர்மனியின் கார்ல் சீக்லரும் இத்தாலியின் ஜூலியோ நட்டாவும் 1963இல் நோபல் பரிசு பெற்றனர். மெழுகு போன்ற அதன் மேற்பரப்பில் வர்ணம் எளிதில் பற்றாது. ஆதலால் சவர்க்கார நீரில் கழுவி, பழைய பொலிஷ் பசையை மதுசாரத்தால் துடைத்து, நுண்ணிய அரத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கென விற்கப்படும் ஒட்டுப் பூச்சை முதலில் பூசினோம். பின்னர் வர்ணத்தை மூன்று முறை மெல்லிதாக, ஒவ்வொரு முறையும் உலரவிட்டுத் தெளித்தோம். பதறாத காரியம் சிதறாது அன்றோ!

ஸ்டியரிங்குக்கு முன்னுள்ள மேற்பலகைக்கும் பளபளப்பான கறுப்பே வேண்டுமென்று மகன் அடம்பிடித்தான். அதற்கு மட்டும் நாம் இணங்கவில்லை. வெயில் பட்டால் அப்பளபளப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்யும். ஹட்டன் பாதையின் வளைவுகளில் ஒரு கணம் கண் கூசினாலும் ஆபத்து. எனவே மங்கல் கறுப்பே பூசப்பட்டது. காற்றுப்பையை மூடியிருக்கும் பாகத்தை நாம் தொடவேயில்லை. அதன்மேல் வர்ணம் பூசினால், விபத்து வேளையில் அது உரியவாறு திறவாது போகலாம். உயிரைக் காக்கும் இடத்தில் அழகுக்கு வேலையில்லை.

தெளிக்கும் டின்னிலுள்ள வாயு எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி நெஞ்சுக்கும் ஆகாது. சாதாரணத் துணிக்கவசம் அதைத் தடுக்காது. ஆதலின் அடுப்படிக்கு அப்பால், காற்றோட்டமான முற்றத்திலேயே வேலையை வைத்துக்கொண்டோம். எம் மாமியாருக்கு இழுப்பு நோய் உண்டு. மணம் முற்றாக அகலும்வரை பாகங்களை வெளியிலேயே வைத்திருந்து, அதன் பின்னரே பொருத்தினோம்.

கார் புதிதாகிவிடவில்லை. புதிய கார் வாங்கும் காலம் வரும்போது வரட்டும். உள்ளதைச் செவ்வனே பேணவும், எங்கே அழகை விட்டுக்கொடுக்க வேண்டுமென்று அறியவும் பிள்ளைகள் இருவரும் கற்றுக்கொண்டனர். எமக்கு அதுவே போதும்.