மூன்று மீட்டர் பத்து

போன தடவை இந்தச் சுவரில் விடுகதை எழுதினேன். இந்தத் தடவை நம்ம ரோட்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் படிக்கவும்.

நம்ம பாலக்கோடு பக்கம் என்றாலே தக்காளிதான். அதை விளைய வைப்பதைவிட மண்டிக்குக் கொண்டு சேர்ப்பதுதான் கஷ்டம் என்று அப்பா சொல்வார். அது எனக்குப் போன மாதம்தான் புரிந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குட்டியானையில் 40 பெட்டி ஏற்றிக்கொண்டு அப்பாவோடு நானும் போனேன். புளியமரத் திருப்பத்தில் எதிரே பால் வண்டி வந்துவிட்டது. இரண்டில் ஒன்று ஒதுங்கியே ஆகணும். நாங்கள் ஒதுங்கினோம். பின் சக்கரம் தாரை விட்டு இறங்கி வண்டி சாய்ந்தது. மேல் அடுக்கில் இருந்த 4 பெட்டி மண்ணில் கொட்டிப் போச்சு. ஆள் கூப்பிட்டு வண்டியைத் தூக்கி விட்டுப் போய்ச் சேர்வதற்குள் வெளியூர் வியாபாரிகள் லாரி ஏற்றிவிட்டார்கள். விடியற்காலையில் பெட்டி 300 ரூபாய்க்குப் போயிருக்கிறது. எங்களுக்கு 220. மீதி 36 பெட்டியில் 2,880 ரூபாய், கொட்டின நாலு பெட்டிக்கு 1,200. ஒரே காலையில் 4,080 ரூபாய் போய்விட்டது. அப்பா எதுவும் பேசவில்லை. டீக்கடையில் எனக்கு மட்டும் பன் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் கணக்கு சாரிடம் டேப் கேட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன், கொடுத்துவிட்டார். ஒருவழித் தடம் என்றால் தார் 3.75 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். புளியமரத் திருப்பத்தில் 3 மீட்டர் 10 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் மழையில் கரைந்துவிட்டது. ஒரு பஸ்ஸே சுமார் இரண்டரை மீட்டர் அகலம். அப்புறம் எப்படி இன்னொரு வண்டி போகும்?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தர்மபுரி பக்கம் போகும் பெரிய ரோடு முன்பு மாநில நெடுஞ்சாலையாக இருந்தது. இப்போது அது 844 என்ற எண் கொண்ட தேசிய நெடுஞ்சாலை. அதை நாலு வழியாக்க எடுத்துக்கொண்டார்கள். நல்லதுதான். ஆனால் நம்ம தக்காளி அந்த ரோட்டைத் தொடுவதற்கு முன்னால் 6 கிலோமீட்டர் இந்த ரோட்டில்தானே போகணும்? பெரிய ரோட்டு ஓரத்து ஊருக்கு வண்டி வாடகை பெட்டிக்கு 10 ரூபாய், நமக்கு 15. கேட்டால் பட்டை ஒடியுது என்கிறார் வண்டிக்கார அண்ணன். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

நான் கேட்பது நாலு வழி இல்லை. 5.5 மீட்டர் போதும். அதற்கு இடைவழித் தடம் என்று பெயர். இது ஒன்றியச் சாலை, இதை நெடுஞ்சாலைத் துறை எடுத்துக்கொண்டு மாவட்ட இதர சாலையாக ஆக்கினால்தான் அந்த அகலம் கிடைக்கும் என்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்த மனு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

தாத்தாவுக்கு இதில் இஷ்டம் இல்லை. "விலையே இல்லாதப்ப ரோடு இருந்து என்னடி பண்றது? புளியமரத்தை வெட்டுவாங்க, நம்ம வேலியும் போவும்" என்றார். அவர் சொல்வதும் உண்மைதான். அளந்து பார்த்தேன், எங்கள் வேலி ஒரு மீட்டர் போகும். மரத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் அகலப்படுத்த இடம் இருக்கிறது, அதையும் அளந்து வைத்திருக்கிறேன். விலை இல்லாத நாளில் ரோடு ஒன்றும் செய்யாது. விலை இருந்த நாளில்தானே நாங்கள் சாய்ந்து கிடந்தோம்?

இந்தப் பட்டத்துக்கு அப்பா நாற்று விடவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கேட்டிருக்கிறார். அது கிடைத்தால் நான் பத்தாம் வகுப்பை அங்கேதான் படிக்கணும். இதை என் பெஞ்சுத் தோழிகளிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவர்களுக்குத் தெரியும்.

ஜனவரி 26 கிராம சபையில் அளவு எழுதின தாளைக் கொடுக்கப் போகிறேன். பாதி ரோடுதான் அளந்திருக்கிறேன். மீதியைச் சனிக்கிழமை காலை 7 மணிக்கு அளக்கணும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். வருபவர்கள் 9-ஆ பிரிவில் பெயர் கொடுக்கவும். செருப்புப் போட்டு வரவும், முள் இருக்கிறது.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி