கோட்டாவில் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

ராஜஸ்தானில் கோட்டா ஜங்ஷனில் இறங்கினால் ஆட்டோக்காரர் ‘எங்கே போகணும்?’ என்று கேட்பதில்லை. “பையன் நீட்டா, ஜே.ஈ.ஈ.யா?” என்றுதான் கேட்கிறார். நீட் என்றேன். முகத்தில் திடீர் மரியாதை. ஐம்பது ரூபாய் கூடுதலாகச் சொன்னார்.

போபாலில் இருக்கும் என் அக்காவின் பையன் ஒரு வருஷமாக இங்கே தங்கி, மெடிக்கல் நுழைவுத் தேர்வுக்கு இரண்டாம் தடவை தயாராகிறான். அவனைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி, முறுக்கு டின்னும் எலுமிச்சை ஊறுகாயுமாக அக்கா என்னை ரயிலேற்றியிருந்தாள். “ஃபிசிக்ஸ் மார்க் ஏறுதான்னு கேளு” என்பது உபரி உத்தரவு. நான் பி.காம். ஃபிசிக்ஸுக்கும் எனக்கும் பத்தாங்கிளாஸோடு உறவு முறிந்தாயிற்று.

வழியெல்லாம் போர்டுகள். நம்மூரில் ரஜினிக்கும் கமலுக்கும் கட்அவுட் வைத்தோம். இங்கே கண்ணாடி போட்ட பதினேழு வயதுப் பையன்களுக்கும், இரட்டைப் பின்னல் பெண்களுக்கும்! கீழே ரேங்க் நம்பர். சீட் கிடைக்காதவர்களுக்குப் போர்டு கிடையாது. அவர்கள் அதன் அடியில் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சம்பல் நதிக்கரையில் இருக்கும் இந்த ஊருக்கு முன்னெல்லாம் வேறு பெயர். தரைக்குப் போடும் கோட்டா கல், மெல்லிசான கோட்டா புடவை, பெரிய பெரிய ஆலைகள். ஜே.கே. சிந்தெடிக்ஸில் இன்ஜினீயராக இருந்த வி.கே. பன்சால், தசை நலிவு நோயால் நடமாட்டம் குறைந்துகொண்டே வந்த நிலையில், வீட்டில் டியூஷன் ஆரம்பித்தார். 1991ல் அது பன்சால் கிளாசஸ் ஆயிற்று. 1997ல் ஆலையை மூடினார்கள். வேறு ஊராக இருந்தால் படுத்திருக்கும். கோட்டா படிக்க உட்கார்ந்துவிட்டது. பன்சால் 2021ல் காலமாகிவிட்டார். தெருவுக்குத் தெரு அவருடைய வாரிசுகள் மாதிரி போர்டுகள் தொங்குகின்றன.

பையனின் ரூம் தல்வண்டியில். கட்டில், மேஜை, சுவரெல்லாம் ஃபார்முலா ஒட்டிய சீட்டுகள். ஃபேனைப் பார்த்தேன். கம்பியில் ஸ்பிரிங் இருந்தது. 2023ல் மாவட்ட நிர்வாகம் எல்லா ஹாஸ்டலுக்கும் கட்டாயமாக்கியது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை இந்த ஊர் பறிகொடுத்திருந்தது. அதற்கப்புறம் ஃபேன் சுற்றும்போதெல்லாம் என் கண் மேலே போனது. அவன் கவனித்துவிட்டு, “பழகிடும் மாமா” என்றான். பழகக் கூடாது என்று தோன்றியது. சொல்லவில்லை.

“ஃபிசிக்ஸ் எப்படிடா?” என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

நீட்டில் மொத்தம் 180 கேள்வி, 720 மார்க். பயாலஜி 90, கெமிஸ்ட்ரி 45, ஃபிசிக்ஸ் 45. சரியென்றால் நாலு மார்க், தப்பென்றால் ஒன்று போச்சு. “அப்ப தெரியாததுக்கு கை வைக்கக் கூடாது” என்றேன், பெரிய மனுஷனாக. பையன் சிரித்தான். நாலு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும். நாலு வரவு, மூன்று பற்று, நிகர லாபம் ஒன்று. கணக்கு சரிதான்! பி.காம்.காரனுக்கு இதைச் சயின்ஸ் பையன் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

“தெரியாத கேள்வி ஆபத்தில்ல மாமா. அரைகுறையாத் தெரிஞ்ச கேள்விதான் ஆளைக் கவுக்கும்” என்றவன் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான்.

சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்தால் என்ன விடை வருமோ, அந்த விடையே ஆப்ஷனில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டால் வரும் விடையும் பக்கத்திலேயே இருக்கும். நம் தப்பை முன்கூட்டியே யோசித்து, அதற்கு நாற்காலி போட்டு வைக்கிறான் கேள்வி தயாரிப்பவன். நாமும் ‘ஆகா, விடை வந்துடுச்சு’ என்று சந்தோஷமாகக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போவோம். கண்ணை மூடிக் குறித்தவனுக்காவது நாலில் ஒரு சான்ஸ் உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை.

நோட்டில் மூன்று பத்தி. பாடமே புரியாதது, கணக்கில் வழுக்கியது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது. ஒவ்வொரு டெஸ்ட் முடிந்ததும் தப்பானதையெல்லாம் பிரித்துப் போடுகிறான். பதினைந்து நாள் கழித்து அதே கேள்வியை, விடையைப் பார்க்காமல், மறுபடி போடுவான். சரியாக வந்தால்தான் அடிப்பான். எனக்குப் பழகிய வாசனை அடித்தது. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் நாங்கள் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்டில் தள்ளிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கழிப்போமே, அதேதான்.

மூன்றாவது பத்திதான் ரொம்ப நீளம். ‘எது தவறு?’ என்று கேட்டிருந்தால் இவன் சரியானதைக் குறித்திருக்கிறான். இதற்கு எந்த வாத்தியார் என்ன செய்ய முடியும்?

மூன்று மாசம் முந்தைய டெஸ்டில் 24 சரி, 17 தப்பு, 4 விட்டது. மார்க் 79. போன வாரம் 26 சரி, 8 தப்பு, 11 விட்டது. மார்க் 96. கூடின 17 மார்க்கில், புதிதாகச் சரியானது தந்தது எட்டுதான். மீதி ஒன்பது, தப்பைக் குறைத்ததால் வந்தது.

“ஆனா 96 பத்தாது மாமா” என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சாயங்காலம் வெளியே இழுத்துக்கொண்டு போனேன். பக்கத்து ராதாகிருஷ்ணர் கோயில் சுவரில் பிள்ளைகள் வேண்டுதல் எழுதுவார்கள். இவன் எழுதியதில்லையாம். “எனக்கு முன்னாடியே க்யூ பெரிசு.” தெருமுனையில் கச்சோரி. உள்ளே பருப்பு, நம் சாம்பாரே வெட்கப்படும் அளவுக்குப் பெருங்காயம். சாப்பிடும்போதுதான் கிரிக்கெட் பேசினான், பாதி வீட்டுச் சமாசாரம் கேட்டான், ரூம் மேட்டின் குறட்டையை நடித்துக் காட்டினான்.

அப்புறம் மெல்ல, “அம்மாகிட்ட மார்க் சொல்லாதீங்க மாமா. 96னா நூறு ஏன் இல்லம்பாங்க. 100னா 120ம்பாங்க.”

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அக்காதான்.

“பார்த்தியாடா அவனை? எவ்வளவு வாங்கியிருக்கான்?”

“ரெண்டு” என்றேன். “ரெண்டு கச்சோரி. மூணாவதுக்கு வரிசையில நிக்கறான்.”