சுழியத்துக்கு இடப்பக்கம்

திங்கள்
ஆறாம் வகுப்பில் முழுக்கள் பாடம். −7, −3 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். "மைனஸ் ஏழுதான் டீச்சர், ஏழு ரூபா கடன் மூணு ரூபா கடனைவிடப் பெருசுதானே?" என்றான் ஒரு பையன். கடன் பெரிதுதான்; ஆனால் கணக்கில் அந்த எண் சிறியது. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் செல்வமாகவும் குறை எண்ணைக் கடனாகவும் கொண்டே விதிகளை வகுத்தார். கூட்டல், கழித்தலுக்கு அது கைகொடுக்கும். வரிசைப்படுத்தும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

செவ்வாய்
வராந்தாவில் சாக்பீஸால் நீளமாக ஒரு எண்கோடு. நடுவே 0, வலப்பக்கம் 10 வரை, இடப்பக்கம் −10 வரை. இடைவெளி பிசகாமல் அளந்தே குறித்தோம். −7இல் ஒருத்தி, −3இல் ஒருவன். "வலப்பக்கம் போகப் போகப் பெருசு. இப்போ சொல்லுங்க" என்றதும் சரியான விடை வந்தது. 7, −7 இரண்டும் சுழியத்திலிருந்து ஒரே தூரம் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

புதன்
5 − 8. ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1685இல் வெளியிட்ட இயற்கணித நூலில் ஒரு மனிதனை நடக்கவிட்டே இதை விளக்கினார்: ஐந்து கஜம் முன்னே, எட்டு கஜம் பின்னே. ஆக, புறப்பட்ட இடத்துக்கு மூன்று கஜம் பின்னால், அதாவது −3. பிள்ளைகளும் நடந்தார்கள். சிலருக்கு −2 வந்தது. நிற்கிற புள்ளியையே ஒன்று என்று எண்ணிவிட்டார்கள். "புள்ளியை எண்ணாதே, எடுத்து வைக்கிற அடியை எண்ணு" என்றதும் சரியானது.

வியாழன்
2 − (−3). கூட்டல் என்றால் வலப்பக்கம் பார்த்து நில். கழித்தல் என்றால் இடப்பக்கம் திரும்பு. மிகை எண்ணுக்கு முன்னால் நட. குறை எண்ணுக்கு முகம் திருப்பாமல் பின்னால் நட. 2இல் நின்றவள் இடப்பக்கம் திரும்பி, பின்னாலேயே மூன்று அடி வைத்து 5இல் வந்து நின்றாள். "கழிச்சா குறையணுமே டீச்சர், எப்படிக் கூடுச்சு?" என்று அதிசயித்தாள். கடனைத் தள்ளுபடி செய்தால் கையிருப்பு கூடத்தானே செய்யும்?

வெள்ளி
நோட்டில் ஒருவன் −2 + (−3) = 5 என்று எழுதியிருந்தான். "மைனஸும் மைனஸும் ப்ளஸ்னு வீட்ல சொன்னாங்க." அந்த வாய்ப்பாடு பெருக்கலுக்கு உரியது; கூட்டலுக்குள் நுழைந்தால் கணக்கைக் கெடுத்துவிடும். கோட்டில் நடக்கவிட்டேன். −5 என்று அவனே திருத்திக்கொண்டான்.

பெற்றோர்களே, சூத்திரத்துக்கு அவசரப்படாதீர்கள். ஒரு கோடு கிழித்து, பிள்ளையை முதலில் நடக்க விடுங்கள்.