கண்டி வீதியும் பழைய லொறிச் சாரதிகளும்

யாழ்ப்பாண நகரிலிருந்து நாவற்குழி, சாவகச்சேரி ஊடாகத் தெற்கே செல்லும் பெருந்தெருவை நம்மவர் இன்றும் கண்டி வீதி என்றே அழைப்பர். அரசாங்கப் பதிவில் அதன் பெயர் ஏ 9. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏறக்குறைய 320 கிலோமீற்றர், பழைய கணக்கிற் கூறின் 200 மைல், அது நீண்டு கிடக்கின்றது. இவ்வீதியைப் பற்றிப் பேசுமிடத்து, போரும் சோதனைச் சாவடிகளுமே இக்காலத்தவர் மனத்தில் முதலில் எழும். அவற்றுக்கெல்லாம் முன்னதாக, நம் குடாநாட்டு உழவனின் உழைப்பைச் சுமந்து சென்ற வீதியாக இது விளங்கிய காலம் ஒன்றுண்டு. அக்காலத்தை அறிந்தோர் அன்றைய லொறிச் சாரதிகளே. அவருட் பெரும்பாலார் இன்று எண்பது வயதைக் கடந்துவிட்டனர். சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் வவுனியாவிலும் அத்தகையோர் சிலரை நாம் கண்டு உரையாடினோம். அவர்கள் கூறியவற்றை மனத்திற் கொண்டு இவ்வீதி வழியே ஒருமுறை பயணமும் செய்தோம். அவ்விரண்டின் பயனே இக்கட்டுரை.

சரக்கும் சந்தையும்

வடபகுதிக்குப் புகையிரதப் பாதை 1905 ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. ஆயினும், தோட்டத்து வாயிலில் ஏற்றிக் கொழும்பிற் கடைவாயிலில் இறக்கும் வசதி புகையிரதத்துக்கு இல்லை. அவ்வசதியைக் கொண்டுவந்தது லொறியே. 1958 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி பஸ் வண்டிகள் யாவும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வசமாயின. லொறிகளோ தனியார் கையிலேயே இருந்தன. ஒரு லொறியை வாங்கிய குடும்பம் அதனை வீட்டுக்கு ஒரு பிள்ளை போலப் பேணியது.

சுன்னாகம், திருநெல்வேலி, சாவகச்சேரி, கொடிகாமம் ஆகிய சந்தைகளிலிருந்து சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், வாழைக்குலை, மாம்பழம், பலாப்பழம் முதலியன தெற்கே சென்றன. புகையிலையும் சுருட்டும் சென்றன. தென்னிலங்கைப் பட்டினங்கள் பலவற்றில் நம்மவர் நடத்திய சுருட்டுக் கடைகள் இருந்தமையை முதியோர் அறிவர். காங்கேசன்துறைத் தொழிற்சாலையின் சீமெந்தும் இவ்வழியே சென்றது. மீளும்போது தேங்காய், அரிசி, மா, சீனி, புடைவை ஆகியன வந்தன. வன்னிக் காடுகளிலிருந்து புகையிலைத் தோட்டங்களுக்குக் குழை ஏற்றி வந்த லொறிகளும் உண்டு.

1970 ஆம் ஆண்டின் பின் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் இந்நாட்டுக்குள் வருவது கட்டுப்படுத்தப்பட்டது. அந்த ஏழாண்டுகளில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேறிய இளைஞரும் என்றுமில்லாத வருவாயைக் கண்டனர். கண்டி வீதியில் லொறிகள் வரிசையாக ஓடிய காலம் அதுவே எனச் சாரதிகள் மகிழ்வுடன் கூறுவர். 1977 இல் இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டபோது, விலை வீழ்ந்ததை முதலில் உணர்ந்தவரும் அவர்களே. ஏற்றுவதற்குச் சாக்குகள் குறைந்தன.

அன்றைய வண்டிகள்

அக்கால லொறிகளிற் பெரும்பாலானவை இங்கிலாந்தில் உருவானவை. ஒஸ்ரின், மொறிஸ், தேம்ஸ், லேலண்ட் என்ற பெயர்கள் அன்றைய சிறுவர்க்கு மனப்பாடம். எல்லாவற்றிலும் நம்மவர் மனத்தைக் கவர்ந்தது பெட்போட். லூற்றன் நகரத்து வொக்ஸ்ஹோல் நிறுவனம் 1931 இல் வெளியிடத் தொடங்கிய வண்டி இது. இந்தியாவில் 1954 முதல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியரின் பென்ஸ் லொறியைத் தயாரிக்கத் தொடங்கிய பின்னர், டீசலில் ஓடும் அவ்வண்டிகளும் இங்கு வந்தன. ஐப்பானிய வண்டிகள் அவற்றைத் தொடர்ந்தன.

பல லொறிகள் எஞ்சினும் அடிச்சட்டமுமாகவே கப்பலில் வந்திறங்கும். சாரதியின் கூண்டையும் சரக்குப் பெட்டியையும் நம் நாட்டுத் தச்சரும் கொல்லருமே மரத்தாலும் இரும்புப் பட்டத்தாலும் கட்டி முடிப்பர். ஆதலால் ஒரே வகை எஞ்சின் பூட்டிய இரு லொறிகள் தோற்றத்தில் ஒன்றுபோல் இரா. முகப்பில் எழுதிய பெயரையும் தீட்டிய வர்ணத்தையும் கண்டே இன்னாருடைய லொறி வருகின்றது என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார்களாம்.

இவ்வண்டிகளை ஓட்டுவது இக்காலத்தவர் நினைப்பது போன்று எளிதன்று. மாணவர்கள் அறியும்பொருட்டுச் சிலவற்றை இங்கே கூறுவோம். எஞ்சினைத் தொடக்குவதற்கு முன்புறத்தில் ஓர் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றவேண்டும். அப்போது பெருவிரலைக் கைபிடியின் மறுபுறம் சுற்றிப் பிடித்தலாகாது. மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்தல்வேண்டும். எஞ்சின் சிலவேளை எதிர்ப்புறமாக உதைக்கும். சுற்றிப் பிடித்தவனின் பெருவிரல் முறிந்துவிடும். லொறியில் வேலைக்குச் சேரும் கிளீனர்ப் பையனுக்குக் கற்பிக்கப்படும் முதற் பாடம் இதுவே.

கியர் மாற்றுவது தனிக்கலை. பழைய பெட்டிகளிற் சக்கரப் பற்கள் தாமாக இசைந்து பொருந்தமாட்டா. ஒருமுறை கிளச்சை மிதித்துக் கியரை நடுவில் விட்டு, எஞ்சினின் வேகத்தைச் சரிசெய்து, மறுமுறை மிதித்து அடுத்த கியரை இடவேண்டும். ஓசையைக் கேட்டே வேகத்தை அறிதல் இன்றியமையாதது. பற்கள் உராயும் ஒலி கேட்டால் அருகிலிருக்கும் மூத்த சாரதி ஒன்றுங் கூறமாட்டாராம். திரும்பி ஒருமுறை பார்ப்பாராம். அப்பார்வை போதும்.

கடும் வெயிலில் பெற்றோல் எஞ்சின்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. பெற்றோல் குழாயினுள்ளேயே ஆவியாகி, எஞ்சினுக்குச் செல்லாது தடைப்படும். வண்டி நடுவழியில் நின்றுவிடும். பழந்துணியை நீரில் நனைத்துப் பெற்றோற் பம்பியின் மேல் சுற்றிச் சிறிதுநேரம் பொறுத்திருந்தால் மீண்டும் ஓடும். இதனாலும், எஞ்சினின் சூடு தணிக்க இடைக்கிடை நீர் வார்க்கவேண்டியிருந்ததாலும், வழியிலுள்ள குளங்கள், கிணறுகள் யாவும் சாரதிகளுக்கு மனப்பாடம்.

இரவுப் பயணம்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 250 மைல். மாலையிற் சரக்கேற்றி முடித்து, இரவெல்லாம் ஓடி, விடியலிற் கொழும்புப் புறக்கோட்டையை அடைதல் வழக்கம். இரவின் குளிர்ச்சி எஞ்சினுக்கும் நன்று, வெங்காயத்துக்கும் நன்று. வெங்காயச் சாக்குகளைக் காற்றுப் புகாது மூடினால் உள்ளே வெப்பம் ஏறி அழுகத் தொடங்கும். ஆகவே, மழை இல்லாத இரவுகளிற் படங்கை முழுவதும் இழுத்துக் கட்டாது பக்கங்களைச் சற்றுத் தளர்த்தி விடுவர். புகையிலைக்கோ ஒரு துளி ஈரமும் ஆகாது. சீமெந்துக்கு அடித்தட்டு உலர்ந்திருக்கவேண்டும். மிளகாய்ச் சாக்கு பாரமற்றது. ஆனால் உயர்ந்து நிற்கும். வளைவுகளில் வண்டி சாயும். இவ்வாறு ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு முறை இருந்தது.

கொடிகாமம், பளை கடந்தால் ஆனையிறவு. பெருநிலத்து யானைகள் ஆழங்குறைந்த கடனீரேரியைக் கடந்து குடாநாட்டுக்கு வந்த துறையாதலால் அப்பெயர். இருபுறமும் நீர் விரிய, உப்பங்காற்று முகத்தில் அறைய, அதனைக் கடக்கும்போது சாரதியின் தூக்கம் முற்றாகக் கலையும். பின்னர் பரந்தன், கிளிநொச்சி. அதற்குத் தெற்கே காட்டோரத்தில் முறிகண்டிப் பிள்ளையார் வீற்றிருக்கின்றார்.

இவ்விடத்தில் நில்லாமற் சென்ற லொறி ஒன்றையேனும் தாம் அறியோம் என அனைவரும் ஒரே குரலிற் கூறுகின்றனர். கர்ப்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, வண்டியின் முன்கண்ணாடிக்கும் ஒரு கீற்றுப் பூசிவிட்டே புறப்படுவர். சைவர் மாத்திரமன்றிக் கிறித்தவரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நின்று செல்வது வழக்கமாயிற்று. பக்தியோடு ஒரு பயனும் அங்கே இருந்தது. காட்டுவழியின் நீண்ட பகுதி தொடங்குமுன் கால் நீட்டி இளைப்பாறி, ரயரைத் தட்டிப் பார்த்து, கயிற்றை இறுக்கி, வறுத்த கச்சான் ஒரு சுருள் வாங்கிக்கொள்ளலாம். உறங்காதிருப்பதற்குக் கச்சான் நல்ல துணை என்பர். இன்றும் நாம் அங்கே இறங்கியபோது கச்சான் விற்போர் வரிசையாக இருந்தனர்.

மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை வழியாக வவுனியாவை அடையுமுன் யானை வழிமறிப்பதுண்டு. அப்போது ஒலி எழுப்புவது அறிவீனம். தூரத்திலேயே நிறுத்தி, அது போகுமட்டும் காத்திருப்பதே முறை. பின்னே வரும் லொறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அவ்வேளைகளில் மலர்ந்த நட்புகள் சில சம்பந்தத்திலும் முடிந்தன என்று ஒரு முதியவர் சிரித்துக்கொண்டே கூறினார்.

மதவாச்சிக்கு அப்பால் சிங்களக் கிராமங்கள். தேநீர்க் கடைக்காரர் சாரதிகளை ‘ஐயா’ என அழைப்பர். தமிழில் அது பெரியோரைக் குறிக்கும் மரியாதைச் சொல். சிங்களத்தில் அண்ணன் என்று பொருள். எப்பொருளிற் கொண்டாலும் இனிமையே. நள்ளிரவிலும் கதவைத் தட்டினால் அடுப்பு மூட்டித் தேநீரும் பாணும் சம்பலும் கொடுத்த வீடுகளை அவர்கள் மறக்கவில்லை.

ஒரு துண்டுக் கடதாசி

இம்முதியோர் கூறியவற்றுள் எம் உள்ளத்தை மிகவும் தொட்டது அக்காலத்து நம்பிக்கையே. பத்துச் சாக்கு வெங்காயம் உள்ள சிறு தோட்டக்காரன் தானே கொழும்புக்குச் செல்லமாட்டான். சாக்கில் தன் பெயரின் முதலெழுத்தை மையால் எழுதி லொறியில் ஏற்றிவிடுவான். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலுள்ள தரகுக் கடையில் நாட்டாமைகள் அதனை இறக்குவர். விற்ற விலையையும் கழிவையும் ஒரு துண்டில் எழுதி, பணத்தை அதிற் சுற்றிக் கடைக்காரர் சாரதியிடம் கொடுப்பார். பலருடைய பணம், பல துண்டுகள். ஊர் மீண்டதும், சாரதி தன் வீட்டுக்குச் செல்லுமுன் அவற்றை அவரவர் வீட்டிற் சேர்ப்பான். இடையில் எவரும் கையொப்பம் கேட்டதில்லை. கடிதங்களும் மருந்தும் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகங்களும் அவ்வாறே கைமாறின. ஒரு சாரதியின் பெயர் கெட்டால் அவனுடைய லொறியில் மறுநாள் ஒரு சாக்கும் ஏறாது. சட்டம் செய்யவேண்டிய வேலையை ஊரார் மதிப்பே செய்தது.

வீதி அடைபட்டபோது

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இவ்வாழ்வைப் புண்படுத்தின. லொறியை நெருப்புக்கு இழந்து உயிரோடு மீண்டோர் உண்டு. அறிமுகமான சிங்களக் குடும்பத்தார் மறைத்து வைத்துக் காத்ததனால் மீண்டோரும் உண்டு. இவ்விரண்டையும் அவர்கள் ஒரே மூச்சிற் கூறுகின்றனர். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதில்லை.

1990 இல் போர் மூண்டபின் ஆனையிறவு வழி அடைபட்டது. மக்கள் இரவிற் படகேறிக் கிளாலிக் கடலைக் கடந்தனர். குடாநாட்டுக்குள் எரிபொருள் வருவது தடைப்பட்டது. அப்போது பழைய வண்டிகளின் அருமை வெளிப்பட்டது. எரிபொருட் கலவையை மிகுதியாக அழுத்தாத அக்காலத்துப் பெற்றோல் எஞ்சின்கள் மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொண்டன. சில துளி பெற்றோல் விட்டுத் தொடக்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். கொட்டிலில் உறங்கிக் கிடந்த ஒஸ்ரினும் மொறிசும் புகை கக்கிக்கொண்டு மீண்டும் தெருவுக்கு வந்தன. அவற்றைத் திருத்தத் தெரிந்த முதியோரையும் இளைஞர் தேடிச் சென்றனர்.

2002 சித்திரையில் வீதி திறக்கப்பட்டது. ஓமந்தையிலும் முகமாலையிலும் சரக்கை இறக்கிச் சோதித்து மீண்டும் ஏற்றவேண்டியிருந்தது. 2006 ஆவணியில் அது மறுபடியும் மூடப்பட்டது. போர் 2009 இல் முடிவுற்றபின் படிப்படியாகத் திறந்த வீதி இன்று செம்மையாகப் புதுக்கப்பட்டுள்ளது. 1999 இல் தம்புள்ளையிற் பெருஞ்சந்தை தொடங்கியதால், கொழும்புவரை செல்லாமல் அங்கேயே மீளும் லொறிகளும் உள. விலையைத் தொலைபேசி சொல்கின்றது. பணத்தை வங்கி கொண்டுசெல்கின்றது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே. இரவெல்லாம் கண்விழித்து உடல் தேய்ந்த அம்மனிதரைக் கேட்டால், தம் பேரப்பிள்ளைகளுக்கு அத்தொழில் வேண்டாம் என்றே கூறுவர்.

ஆயினும், அவர்கள் கற்ற அறிவும் காத்த நாணயமும் எழுத்தில் ஏறவில்லை. துண்டுக் கடதாசிகள் பெரும்பாலும் இடப்பெயர்வுகளில் அழிந்தன. லொறிகள் இரும்பு விலைக்குப் போயின. எஞ்சியிருப்பது அவர்தம் நாவிலுள்ள நினைவு மாத்திரமே. நம் மாணவர்கள் இவ்விடுமுறையில் தம் ஊரிலுள்ள பழைய சாரதி ஒருவரை அணுகி, அவர் ஓட்டிய வண்டி எது, ஏற்றிய சரக்கு எது, தங்கிய கடை எது, கொண்டுவந்த பணம் யாருடையது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைப்பார்களாயின், அது நம் நாட்டு வரலாற்றுக்கு ஆற்றும் சிறந்த தொண்டாகும். அதனை நாளைக்கென ஒத்திவைக்கலாகாது.