மலைக் கணக்கு

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகமவுக்கு ஏறும் பாதையின் முடிவில், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தை ஒட்டிய தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்புறம், கவ்வாத்து மெஷின்களின் பலத்தை அளந்து பார்க்கும் மேசையொன்று இருக்கிறதெனக் கேள்வியுற்று, அதைக் காணும் ஆவலோடு சென்றிருந்தேன். ரோதை முனிக்கும் கவ்வாத்துச் சாமிக்கும் பூசை வைத்து யந்திரத்தையும் கத்தியையும் வணங்கிய பரம்பரை வாழும் மண் அது. ஆயுதத்தின் மீது அங்குள்ள சிரத்தை புதிதன்று.

உயர்மலைத் தோட்டங்களில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டித் தாழ்த்துவதே கவ்வாத்து. கத்தி செய்த வேலையைத் தோளில் மாட்டிய சிறு பெட்ரோல் எஞ்சினும் அதன் முனையில் சுழலும் வட்டக் கத்தியும் இப்போது பல மலைகளில் செய்கின்றன. கத்தியின் வேகம் தளர்ந்தால் வாது வெட்டுப்படாமல் கிழிபடும்; கிழிந்த இடத்தில் நீர் தங்கி மரம் உளுத்துப்போகும். ஆகவே எஞ்சின் சும்மா ஓடும்போது எவ்வளவு இரைகிறது என்பதல்ல, பாரம் ஏறும்போது எவ்வளவு தாங்குகிறது என்பதே அறியத்தக்க விஷயம்.

பட்டறையின் மேசை எளிமையானது. எஞ்சினின் தண்டில் பத்து சென்றிமீற்றர் ஆரமுள்ள இரும்பு உருளை. அதைச் சுற்றிய பட்டையின் ஒரு முனையில் எடைக்கற்கள், மறுமுனையில் வில் தராசு. பக்கத்தில் சுழற்சியைக் காட்டும் மானி. பட்டையை இறுக்க இறுக்க எஞ்சினின் சக்தி முழுவதும் உராய்வாகி, உராய்வு உஷ்ணமாகி விடுவதால், உருளையின் மீது ஓயாது நீர் சொட்டிக்கொண்டிருந்தது. 1821ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துப் பொறியியலாளர் புரோனி வகுத்த தடைமானியின் தத்துவமே இது. இரு முனைகளின் எடை வித்தியாசத்தை ஆரத்தாலும் சுழற்சி வேகத்தாலும் பெருக்கினால் எஞ்சினின் உண்மையான சக்தி கிடைத்துவிடும்.

முதலில் ஏற்றிய மெஷினின் தகட்டில் 1.25 கிலோவாட் என்று பொறித்திருந்தது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் எடை வித்தியாசம் 1.7 கிலோ நின்றது. கணக்கிட்டால் ஏறக்குறைய 1.05 கிலோவாட். மெஷினில் பழுதோ என்று கேட்டேன்.

"இல்லீங்க ஐயா. தகட்டுல இருக்குறது கொழும்புக் கணக்கு. இது மலைக் கணக்கு" என்றார் மெக்கானிக்.

அவர் கூறியது முற்றிலும் சரி. கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் ஆறில் ஒரு பங்கு 1500 மீற்றர் உயரத்தில் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு வீச்சிலும் எஞ்சின் உட்கொள்ளும் காற்று அந்த அளவுக்குக் குறைவதால், பெட்ரோல் மிகுந்து, பிளக்கில் கரி படிகிறது. காபரேட்டரின் திருகைச் சற்று மூடிக் கலவையைச் சீர்செய்யலாமே தவிர, இல்லாத காற்றை வரவழைக்க இயலாது.

அடுத்த மெஷின் 1.2 கிலோவைத் தாண்டவில்லை. அதாவது முக்கால் கிலோவாட்டுக்கும் சற்றுக் குறைவு. மலைக்குரிய கழிவைக் கழித்த பின்னும் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு அளவுக்கு இது நலிந்திருக்கிறது. சைலன்சரைக் கழற்றியபோது, வாயில் அடைத்திருந்த கரி கட்டியாக விழுந்தது. அந்த மெஷினைச் சுமந்தவர், வெட்ட வேண்டிய செடிகளை வெட்டி முடிக்காததால், சில தினங்களாக அரைப்பேரே பெற்று வந்தார் என்று அங்கேயே அறிந்தேன். நாட்சம்பளத்தின் பாதியை இழந்த மனிதர், தம் உழைப்பில் குறையில்லை என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பார்? யந்திரத்தைக் கொடுத்து வேலையை அளக்கும் இடத்தில் யந்திரத்தையும் அளக்க வேண்டியது நியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். கரியை நீக்கி மறுபடி ஏற்றியபோது தராசு 1.6 காட்டிற்று, மெக்கானிக் அந்த எண்ணைத் திகதியுடன் கொப்பியில் எழுதி, கங்காணியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த மேசைக்கு எட்டாத விஷயம் ஒன்று உண்டு, அது அதிர்வு. காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்கிய அமெரிக்கத் தொழிலாளரின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை அலிஸ் ஹாமில்ற்றன் என்ற வைத்திய அம்மையார் 1918இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஐரோப்பிய ஒன்றியமோ 2002ஆம் ஆண்டின் பணிப்புரையால் கைக்கு எட்டும் அதிர்வுக்கு உச்சவரம்பே விதித்தது. விடியற்காலையில் விரல் விறைக்கும் டயகமவின் குளிரிலே அந்த வரம்பு எத்துணை அவசியம்! அதை அளக்கும் கருவி பட்டறையில் இல்லை. மெக்கானிக் கைப்பிடியைத் தாமே சிறிது நேரம் பற்றிப் பார்த்து, ரப்பர் தாங்கிகள் இரண்டை மாற்றச் சொல்லிவிட்டு, ஒருவர் கையிலேயே மெஷினை முழுநாளும் விடாமல் இருவர் முறைமாற்றிப் பிடிக்கும்படி கங்காணியிடம் கேட்டுக்கொண்டார்.