காணி உறுதியும் மெய்நிகர் மேசையும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் மக்களுக்குப் பத்திரங்களின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் கிளிநொச்சியை விட்டு வெளியேறியோர் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கி நகர நகரத் தம் சுமையைக் குறைத்துக்கொண்டே சென்றனர். நெல் மூடை ஓரிடத்தில் நின்றது. தையல் இயந்திரம் பிறிதோரிடத்தில் நின்றது. இறுதிவரை கையை விட்டகலாதவை பொலித்தீன் பையிற் சுற்றிய காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறுமே. அவற்றையும் இழந்து 2009இற் செட்டிகுளத்து முகாம்களை அடைந்தோர் பலர். தாம் பிறந்ததையும் தம் நிலம் தமதே என்பதையும் மீண்டும் மெய்ப்பிப்பதற்காக நடமாடும் சேவைகளின் வரிசைகளில் அவர்கள் நின்ற காலம் சிறிதன்று.

அவ்வரிசையில் நின்ற இளைஞர் ஒருவர் பின்னாளிற் கணக்கியல் கற்றுக் கிளிநொச்சி நகரிற் சிறியதோர் அலுவலகத்தை அமைத்தார். அறுவர் பணிபுரியும் இடம் அது. நெல் வியாபாரிகள், அரிசி ஆலை உரிமையாளர், தனியார் பேருந்து நடத்துவோர் ஆகியோரின் வரவு செலவும், அவர்களிடம் வேலை செய்வோரின் சம்பளப் பதிவும், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் அங்கே பேணப்பட்டன. காகிதம் எரியும், நனையும், தொலையும் என்பதைத் தம் கண்ணாற் கண்டவர் ஆதலின், தொடக்கத்திலிருந்தே அனைத்தையும் கணினியில் ஏற்றினார். அக்கணினி அலுவலகத்தின் பின்னறையில் இருந்தது.

2020 மார்ச்சு மாதத்தில் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது வீட்டிலிருந்தே வேலை செய்ய வேண்டிய நிலை வந்தது. கணினி தெரிந்த உறவினர் ஒருவர், பின்னறைக் கணினியை வீட்டிலிருந்து இயக்குவதற்கு எளிய வழியொன்றைச் செய்து கொடுத்தார். தொலைவிலிருந்து மேசையை இயக்கும் சேவைக்குரிய 3389ஆம் இலக்க வாயிலை அவர் இணையத்தை நோக்கி நேரே திறந்துவிட்டார். இது வன்னியில் மட்டும் நிகழ்ந்த தவறன்று. அந்நாட்களில் உலகெங்கும் எண்ணற்ற சிறு நிறுவனங்கள் இதையே செய்தன. இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, அவ்வாயில் திறந்துள்ளதா எனப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. திறந்த கதவு கிடைத்தால் அவை ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களைப் பொருத்திப் பார்க்கும். ஒரு நாட்காலை அலுவலகக் கோப்புகள் யாவும் பெயர் மாறித் திறக்க இயலாதனவாய்க் கிடந்தன. கப்பம் கேட்கும் கடிதமொன்று திரையில் நின்றது. அவர் கப்பம் கொடுக்கவில்லை. பற்றுச்சீட்டுகளை வாடிக்கையாளரிடம் மீண்டும் இரந்து பெற்று, மூன்று மாதக் கணக்கைக் கையால் எழுதி முடித்தார். முகாமின் வரிசையில் நின்ற நினைவு அப்பொழுது வந்ததென்று அவர் நெருங்கியவர்களிடம் கூறுவதுண்டு.

அதன் பின்னரே மேகக் கணிமையிலமைந்த மெய்நிகர் மேசைகளை அவர் வாடகைக்குப் பெற்றார். இம்முறையில் ஊழியரின் முன்னிருக்கும் கணினி வெறும் சாளரமே. கோப்பும் செயலியும் கணிப்பும் தொலைநாட்டிலுள்ள தரவு நிலையத்தில் நிகழ்கின்றன; இங்கு வந்து சேர்வது திரையின் படம் மாத்திரமே. விசைப்பலகையின் தட்டல்கள் அங்கே செல்கின்றன. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியபோது இதன் பயன் தெளிவாயிற்று. மின் அற்றுப்போனாலும் அரைகுறையாக நின்ற கணக்கு அழியவில்லை. மின் வந்ததும் விட்ட வரியிலேயே தொடங்க முடிந்தது.

இம்முறை புதியதுபோலத் தோன்றினும் இதன் வேர் பழையது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மசாச்சுசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்தில் ஒரே பெருங்கணினியைப் பலர் முனையங்களிலிருந்து பகிர்ந்து பயன்படுத்தும் ஏற்பாடு உருவாயிற்று. ஒருவரின் கோப்பை மற்றொருவர் காணாதிருக்க அங்கே கடவுச்சொல் புகுத்தப்பட்டது. 1962இல், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாத ஆராய்ச்சி மாணவரான அலன் செர் என்பார், கடவுச்சொற் பட்டியல் முழுவதையும் அச்சிடச் செய்து எடுத்துக்கொண்டார். பகிரப்பட்ட கணினியும் திருடப்பட்ட கடவுச்சொல்லும் ஏறக்குறைய உடன்பிறப்புகளே எனலாம்.

மேகத்திற்கு மாறியதும் கவலை தீர்ந்ததென்று எண்ணியிருந்த அக்கணக்காளரை, 2023 ஓகத்து 26ஆந் திகதி இலங்கை அரசாங்க மேகத்தின்மீது நிகழ்ந்த தாக்குதல் திடுக்கிடச் செய்தது. அரசின் மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 அதனாற் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகத்து 26 வரையிலான அஞ்சல்கள் மீளப் பெற முடியாமற் போயின. இணையத்திலேயே வைக்கப்பட்டிருந்த காப்புப் பிரதிகளும் உடன் பூட்டப்பட்டதே இதற்குக் காரணம். அங்கு இயங்கியது 2013ஆம் ஆண்டின் அஞ்சல் மென்பொருள். அதற்கு மைக்ரோசொப்ற்று நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2023 ஏப்பிரலில் முடிவடைந்திருந்தது. மேகம் என்ற பெயர் தன்னளவில் எதையும் காக்காது என்பதற்கு நம் நாட்டிலேயே இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரணைமடுக்குளத்தின் கீழ் வேளாண்மை செய்வோருக்கு இதனை விளக்குவது எளிது. குளக்கட்டையும் வான்கதவுகளையும் பேணுவது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கடமை. தன் வயலுக்கு வரும் வாய்க்காலையும் வரம்பையும் பார்ப்பது கமக்காரரின் கடமை. வரம்பு உடைந்து நீர் வீணானால் குளக்கட்டு உறுதியாயிருந்தும் பயனில்லை. மேக நிறுவனமும் தரவு நிலையத்தையும் அதன் பொறிகளையும் காக்கிறது. யார் உள்ளே வரலாம், வந்தவர் எதைத் தொடலாம், எதை வெளியே கொண்டு செல்லலாம் என்பன வாடகைக்குப் பெற்றவர் தீர்மானிக்க வேண்டியவை. பெரும்பாலான சிறு நிறுவனங்கள் இப்பிரிகோட்டை அறியாமலே ஒப்பந்தத்தில் ஒப்பமிடுகின்றன.

கோப்பு தொலைவிற்குச் சென்றுவிட்டால் திருடனுக்கு வேண்டியது பின்னறைக் கணினியன்று, ஊழியரின் அடையாளமே. ஆகவே கடவுச்சொல்லுடன் இரண்டாவது உறுதிப்படுத்தல் ஒன்றும் கட்டாயமாகிறது. அதுவும் முற்றான காவலன்று. 2023 ஒற்றோபரில் வெளிப்பட்ட 'சிற்றிக்சு பிளீட்' எனும் குறைபாடு, ஏற்கெனவே உள்ளே அனுமதிக்கப்பட்டவரின் அமர்வு அடையாளத்தையே வாயிற்காவற் கருவியின் நினைவகத்திலிருந்து கசியச் செய்தது. அதைக் கைப்பற்றியவருக்குக் கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை, இரண்டாவது உறுதிப்படுத்தலும் தேவைப்படவில்லை. திருத்தத்தை நிறுவிய பின்னரும் பழைய அமர்வுகளைத் துண்டிக்காத நிறுவனங்களுள் திருடர் தொடர்ந்து உலாவினர். வேலை முடிந்ததும் திரையை மூடிவிட்டு எழுந்து செல்லும் ஊழியர், அமர்வு தொலைவில் உயிருடன் இருப்பதை மறந்துவிடுகிறார்.

அக்கணக்காளர் செய்த மாற்றங்கள் பெரும் செலவுடையனவல்ல. மெய்நிகர் மேசையிலிருந்து ஊழியரின் சொந்தக் கணினிக்குக் கோப்பை நகலெடுக்கும் வழியையும், வெட்டி ஒட்டும் வசதியையும், பென்டிரைவ் இணைப்பையும் மூடிவிட்டார். அரைமணி நேரம் அசைவற்றிருக்கும் அமர்வு தானே துண்டிக்கப்படும். ஊழியர் எவருக்கும் நிருவாகி உரிமை இல்லை. கிழமைக்கொருமுறை எடுக்கப்படும் பிரதி, தனி வன்தட்டொன்றிற் பதியப்பட்டு, இணைப்பிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைக்கப்படுகிறது. அரசாங்க மேகத்தின் கதை கற்பித்த பாடம் அது.

மனிதரைச் சார்ந்தவையே கடினமாயிருந்தன. திருமணமாகி முல்லைத்தீவுக்குச் சென்ற ஊழியர் ஒருவரின் கணக்கு எட்டு மாதங்களாக மூடப்படாதிருந்ததை அவர் தற்செயலாகவே கண்டார். தவறேதும் நிகழவில்லை, அப்பெண் நேர்மையானவர். ஆயினும் அவருடைய பழைய கைத்தொலைபேசி அதற்கிடையில் விற்கப்பட்டிருந்தது. மற்றொரு முறை, உறுதிப்படுத்தற் கேள்வி இரவில் ஐந்தாறு தடவை தொலைபேசியில் ஒலித்ததால் உறக்கம் கெட்ட ஒருவர், தொல்லை தீரட்டும் என்று 'ஆம்' என அழுத்திவிட்டார். மறுமுனையில் எவர் இருந்தனர் என்பது அறியப்படவில்லை. அன்றே எல்லாக் கடவுச்சொற்களும் மாற்றப்பட்டன. திரையிற் காட்டும் எண்ணைத் தொலைபேசியில் எழுதினாலன்றி வாயில் திறவாத முறையும் அமைக்கப்பட்டது.

இறுதியாக எஞ்சியது பயிலுநர் இருவரின் விடயம். மேசை வாடகை ஆளுக்கொன்றாக, டொலரிற் கணக்கிடப்படுவது. சிக்கனம் கருதி இருவரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்து வந்தனர். "ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை வேலை செய்யிறதில்லைத்தானே அண்ணை" என்பது அவர்கள் வாதம். சம்பளப் பதிவேட்டில் ஒரு நாள் ஓர் எண் மாறியிருந்தது. மாற்றியவர் இருவருள் எவரெனப் பதிவு சொல்லவில்லை. அடுத்த மாதம் இரண்டாவது மேசை பெறப்பட்டது. மின்பிறப்பாக்கி வாங்குவது ஆண்டிறுதிக்குத் தள்ளி வைக்கப்பட்டது.